இரத்தப் புற்றும் மரபணுச் சோதனையும்



சித்தூர் மாவட்டத்தின் கோடியில், குப்பத்துக்கு அருகே, சாந்திபுரம் என்றோர் ஊர் உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் கலந்து ஒலிக்கும் எல்லை நாடு அது. அங்கே தக்காளியும் மல்பெரியும் பயிரிட்டு வாழும் உழவர் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அவர் நான் கண்டறிந்த ஒருவர் அல்லர். ஆயினும் அவரைப் போன்றவர் பலர் இருக்கின்றனர். வயது நாற்பதைக் கடந்தவர். சில மாதங்களாகவே உடற்சோர்வு. இடப்புற விலாவின் கீழே ஏதோ ஒரு கனம். இரண்டு கவளம் உண்பதற்குள் வயிறு நிரம்பிவிட்டது போன்ற உணர்வு. இரத்தத்தைச் சோதித்தபோது, ஒரு மைக்ரோலிட்டரில் 4,000 முதல் 11,000 வரை இருக்கவேண்டிய வெள்ளையணுக்கள் இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தன. இரத்தப் புற்று என்னும் சொல் அன்று அந்த வீட்டுக்குள் நுழைகிறது. அன்றிரவு அங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. இவர் பிழைப்பாரா என்பது ஒன்று. மற்றதை யாரும் உரக்கக் கேட்பதில்லை: பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோமே, இது வழிவழியாக வரும் நோயோ?

கேட்கப்படாத கேள்விக்கே முதலில் விடை கூறிவிடுகிறேன். மருத்துவர் "மரபணுச் சோதனை செய்யவேண்டும்" என்று சொன்னதும் அந்த ஐயம் இரு மடங்காகிறது. இதில் குற்றம் ஓரளவு நம் சொல்லினுடையது. மரபணு என்னும் சொல்லுக்குள்ளேயே மரபு இருக்கிறது. கேட்பவர் தந்தையையும் பாட்டனாரையும் நினைக்கிறார், பிறகு தம் மக்களை நினைத்துக் கலங்குகிறார். ஆனால் இவருக்கு வந்த நோயில் மாற்றம் நிகழ்ந்தது எலும்பு மஜ்ஜையிலுள்ள ஓர் உயிரணுவில் மட்டுமே. அவர் பிறந்தபோது அது இல்லை. வாழ்நாளின் நடுவே நேர்ந்தது. அந்த ஓர் அணு பெருகிப் பெருகி இரத்தத்தை நிறைத்தது. பிள்ளைகளுக்கு உடலை வழங்கும் அணுக்களில் அம்மாற்றம் இல்லை. எனவே அது மகளுக்குச் செல்வதில்லை. குடும்பத்தில் தொடரும் இரத்தப் புற்று மிக அரிதாக உண்டு என்பது மெய்தான். இவ்வுழவரின் நோய் அவ்வகையன்று.

அந்த நோயின் பெயர் நாட்பட்ட மைலாய்டு லுகேமியா, சுருக்கமாகச் சி.எம்.எல். புற்றுநோய்களுள் இதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்டு என்னும் இருவர், இந்நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் இயல்புக்கு மாறாகச் சிறுத்திருப்பதைக் கண்டனர். குரோமோசோமின் குறை ஒன்று குறிப்பிட்ட ஒரு புற்றுடன் மாறாமல் இணைந்திருப்பதை மனிதர் கண்டது அதுவே முதன்முறை. சிறுத்த பகுதி எங்கே போயிற்று? பதின்மூன்று ஆண்டுகள் எவருக்கும் தெரியவில்லை. 1973இல் சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரவ்லி என்னும் அம்மையார் அதற்கு விடை கண்டார். நான்கு பிள்ளைகளின் தாயான அவர், குரோமோசோம்களின் நிழற்படங்களை வீட்டு உணவு மேசையின்மீது பரப்பி, கத்தரியால் வெட்டி வெட்டி இணை சேர்த்துப் பார்ப்பது வழக்கம். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்தார்களாம். ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும் தத்தம் நுனிகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டிருக்கின்றன என்பதே அவர் கண்ட உண்மை.

அந்த இடமாற்றத்தால், எங்கோ தனித்தனியே இருக்கவேண்டிய இரு மரபணுக்களின் துண்டுகள் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிப் பிறந்த அதன் பெயர் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். ஏரி மதகைத் தேவைக்குத் திறந்து தேவை தீர்ந்ததும் மூடுகிறோம் அன்றோ? அணுவைப் பெருகச் செய்யும் மதகு இங்கே திறந்தபடியே சிக்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளம் நிற்பதில்லை. இமாட்டினிப் என்னும் மாத்திரை அம்மதகின் பொறியிலேயே போய்ச் செருகிக்கொண்டு அதை அடைக்கிறது. 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இம்மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன் சில ஆண்டுகளில் உயிர்குடித்த நோய், அதன்பின் சர்க்கரை நோயைப் போல நாள்தோறும் மாத்திரை உண்டு காலங்கழிக்கக்கூடிய நோயாயிற்று.

இம்மருந்து நம் ஏழைகளுக்கும் எட்டிய கதையில் சென்னைக்குப் பங்குண்டு. இதன் ஒரு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கோரிய காப்புரிமையை 2006ஆம் ஆண்டில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. வழக்கு நீண்டு, 2013 ஏப்ரல் முதல் நாள் உச்ச நீதிமன்றமும் அம்மறுப்பை உறுதி செய்தது. மாதத்துக்கு ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேல் விலை சொல்லப்பட்ட மருந்தை இந்திய நிறுவனங்கள் பத்தாயிரத்துக்கும் குறைவாக விற்க வழி நிலைத்தது.

இனித்தான் நான் சொல்லவந்த செய்தி வருகிறது. மாத்திரை தொடங்கிய ஓரிரு மாதங்களில் நம் உழவருக்குச் சோர்வு நீங்கும். வயிற்றுக் கனம் குறையும். வெள்ளையணுக்களின் எண்ணிக்கை இயல்புக்கு வரும். அவர் மறுபடியும் கழனிக்குப் போவார். அக்கம்பக்கத்தார், "உங்களுக்கா இந்த நோய்?" என்று வியப்பார்கள். அவர் நலமாக இருக்கிறார். அவருடைய இரத்தம் இன்னும் நலமாகவில்லை. கண்டறிந்தபோது இலட்சம் கோடி அளவில் இருந்த நோயணுக்கள் நூற்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும் ஆயிரம் கோடி எஞ்சியிருக்கும். நுண்நோக்காடியில் பார்க்கும் மருத்துவருக்கு அவை புலப்பட மாட்டா. அந்நிலையில் மாத்திரையை நிறுத்துபவர் வெள்ளத்தின் முன்னே கரையை வெட்டிவிடுபவரே.

புலப்படாததைப் புலப்படுத்துவதுதான் மரபணுச் சோதனை. கையிலிருந்து சிறிது இரத்தம் எடுத்தாலே போதும். அதிலுள்ள ஒட்டு மரபணுவின் செய்தியை, அதாவது ஆர்.என்.ஏ.யை, முதலில் டி.என்.ஏ.யாக மாற்றி, பின்னர் ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கி, நான்கை எட்டாக்கிப் பெருக்குகிறார்கள். சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் நெல்மணியை இரட்டிக்கச் சொன்ன கதையை அறிவீர்கள். முப்பது முறை இரட்டித்தால் ஒன்று நூறு கோடிக்கும் மேலாகிறது. இரண்டரைக் கிலோ நெல்லில் ஏறக்குறைய ஓர் இலட்சம் மணிகள் இருக்கும். அவற்றுள் ஒரே ஒரு கறுப்பு மணி கலந்திருந்தாலும் இருக்கிறது என்று சொல்லவல்லது இம்முறை. இதன் பெயர் பி.சி.ஆர். மரபணுவின் பெயரும் பி.சி.ஆர். என்றுதானே முன்னே சொன்னீர் என்று கேட்பீர்கள். ஆங்கில எழுத்துகள் இரண்டும் வேறு. தமிழில் எழுதும்போதுதான் ஒன்றாகிவிடுகின்றன. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழம்புபவர்களைக் குறைகூற நான் துணியமாட்டேன்.

சோதனையின் விடை ஒரு சதவீதமாக வரும். மருந்து தொடங்கிய மூன்றாம் மாதத்தில் அது பத்து சதவீதமோ அதற்குக் கீழோ இருத்தல் வேண்டும். ஆறாம் மாதத்தில் ஒன்று. ஓராண்டு முடிவில் 0.1. இப்படி இறங்கினால் நோய் அடங்குகிறது என்று கொள்ளலாம். இறங்காமல் நின்றாலோ ஏறினாலோ மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி, "மாத்திரையை நாள் தவறாமல் உண்கிறீர்களா?" என்பதே. இதைப் பற்றி இலண்டனில் நடந்து 2010இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று என்னைச் சிந்திக்க வைத்தது. 87 நோயாளிகளுக்குக் கொடுத்த மருந்துக் குப்பிகளின் மூடியில், திறக்கும்போதெல்லாம் பதிவுசெய்யும் சிறு மின்பொறியை மறைத்து வைத்தனர். பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ மாத்திரையைத் தவறவிட்டவர்கள், மாதத்துக்கு மூன்று நாள் என்று கணக்கிடுங்கள், 0.1 என்னும் இலக்கை எட்டும் வாய்ப்பு நூற்றுக்கு 28ஆக இருந்தது. ஒழுங்காக உண்டவர்களுக்கு அதுவே 94. மாதத்தில் மூன்று நாள்! திருவிழா ஒன்று, திருமணம் ஒன்று, மருந்துக்கடைக்குப் போக முடியாத மழை நாள் ஒன்று, கணக்கு முடிந்தது.

ஒழுங்காக உண்டும் எண் ஏறுமானால், மதகின் பொறியே உருமாறி மாத்திரையை உள்ளே விடாதிருக்கக்கூடும். அதையும் மரபணு எழுத்துகளைப் படித்தே அறிகிறார்கள். எந்த உருமாற்றம் என்று தெரிந்தால் அதற்கேற்ற வேறு மருந்து உண்டு. உடல் மெலிந்து காய்ச்சல் வரும்வரை காத்திருந்தால் அந்த வாய்ப்புக் கைநழுவும்.

எல்லா இரத்தப் புற்றும் இப்படி மெல்ல நடப்பதில்லை. சித்தூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் வேலூருக்கு வாருங்கள். ஏ.பி.எல். என்னும் மற்றொரு வகை லுகேமியாவில் பதினைந்தாம், பதினேழாம் குரோமோசோம்கள் இடம் மாறுகின்றன. இதைக் கண்டவர்களுள்ளும் அதே ரவ்லி அம்மையார் இருக்கிறார். மூளையிலோ நுரையீரலிலோ இரத்தம் கசிந்து சில நாட்களில் உயிர் போகக்கூடிய நோய் இது. உலகம் கையாண்ட மருந்து அந்நாளில் விலை மிகுந்தது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் 1998 முதல் ஆர்செனிக் ட்ரையாக்சைடை, அதாவது நம் முன்னோர் பாஷாணம் என்று அஞ்சிய பொருளை, தம் மருத்துவமனையிலேயே ஊசிமருந்தாகத் தயாரித்து, அது ஒன்றை மட்டுமே கொண்டு மருத்துவம் செய்தனர். சீனத்து மருத்துவர்கள் முன்பே காட்டிய வழி அது. 2004 வரை இவ்வாறு மருத்துவம் பெற்ற 72 பேரில் 62 பேருக்கு நோய் தணிந்தது என்று 2006இல் வெளியிட்டபோது, உலகம் வேலூரைத் திரும்பிப் பார்த்தது. இங்கே மரபணுச் சோதனைக்கு இரண்டு வேலை. இந்நோய்தான் என்று உடனே உறுதி செய்வது முதல் வேலை. ஏனெனில் பிற லுகேமியாக்களுக்குப் பாஷாணம் மருந்தன்று. தணிந்த பிறகு அந்த ஒட்டு மரபணு மீண்டும் தலைகாட்டுகிறதா என்று பார்த்துவருவது இரண்டாவது. நோயாளிக்கு எந்தத் துன்பமும் தோன்றுமுன்பே மருத்துவருக்கு எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது.

மறுபடி நம் உழவரிடம் வருவோம். சில ஆண்டுகள் கழித்து, "எண் பூச்சியம் என்கிறார்களே, இனியாவது நிறுத்தலாமா?" என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி. 2007இல் பிரான்சு நாட்டில் இதைத் துணிந்து சோதித்தனர். இரண்டாண்டுகளுக்கு மேல் நோயின் சுவடே தென்படாத நூறு பேருக்கு மாத்திரையை நிறுத்தினர். ஏறக்குறைய அறுபது பேருக்கு, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள்ளாகவே, ஒட்டு மரபணு திரும்பிவிட்டது. மற்றவர்கள் மாத்திரையின்றியே இருந்தனர். திரும்பியவர்களுக்கு மாத்திரையை மறுபடி கொடுத்ததும் அது அடங்கியது. மாதந்தோறும் சோதித்ததால்தான் உடனே கொடுக்க முடிந்தது. ஆகவே நிறுத்துவது கூடவே கூடாது என்பதில்லை. சோதனையின் துணையின்றித் தாமாக நிறுத்துவதுதான் கூடாது.

இங்கே ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. மருந்து மலிந்தது, சோதனை அந்த அளவு மலியவில்லை. தனியார் கூடங்களில் ஒரு முறைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. தக்காளி விலை சரிந்த மாதத்தில் உழவர் எதைத் தள்ளிப்போடுவார்? உடம்புதான் நன்றாயிருக்கிறதே என்று சோதனையைத்தான் தள்ளிப்போடுவார். மேலும் ஆர்.என்.ஏ. எளிதில் சிதையும் பொருள். எடுத்த இரத்தம் ஓரிரு நாளில், வெயிலில் வாடாமல், ஆய்வுக்கூடம் சேரவேண்டும். சாந்திபுரத்தவர் குப்பம் வந்து இரயிலேறி, ஜோலார்பேட்டை வழியே காட்பாடியில் இறங்கி வேலூர் செல்லவேண்டும். அல்லது எதிர்த்திசையில் பெங்களூர் செல்லவேண்டும். திருப்பதியில் 2022இல் டாடா அறக்கட்டளைகளின் முயற்சியால் ஒரு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டிருப்பது ஆறுதல் தரும் செய்தி. ஆயினும் குப்பம் பக்கத்தாருக்குத் திருப்பதியும் அண்மையன்று.

இதற்குத் தீர்வு கைக்கெட்டாததன்று. காசநோய்க் கிருமியைக் கண்டறிய மாவட்டந்தோறும் ஜீன் எக்ஸ்பெர்ட் என்னும் கருவி வைக்கப்பட்டிருக்கிறது. அதே கருவியில் வேறொரு பேழையைச் செருகினால் சி.எம்.எல். நோயின் எண்ணைச் சில மணி நேரத்தில் அது சொல்லிவிடும். அத்தகைய பேழை உலகச் சந்தையில் இருக்கிறது. காகிதத்தில் உலர்த்திய இரத்தத் துளிகளை அஞ்சலில் அனுப்பிச் சோதிக்கும் முறையும் ஏழை நாடுகள் சிலவற்றில் கையாளப்பட்டிருக்கிறது. மாத்திரையைக் கொடுக்கும் திட்டங்கள் சோதனையையும் அதனோடு சேர்த்தே கொடுக்கவேண்டும் என்பது என் கருத்து. ஒன்றில்லாமல் மற்றொன்றைக் கொடுப்பது, வண்டியைக் கொடுத்து விளக்கைக் கொடாமல் இரவில் அனுப்புவதாகும்.

அதுவரை, இந்நோய்க்கு மாத்திரை உண்பவர்கள் யாரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூடுமானவரை ஒரே ஆய்வுக்கூடத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். கூடத்துக்குக் கூடம் அளவுமுறை சற்று வேறுபடலாம். சர்வதேச அளவுகோலில் கணக்கிட்ட எண்தானா என்று கேட்டறியுங்கள். முதல் சோதனைச் சீட்டிலிருந்து எல்லாவற்றையும் நாள்வாரியாக ஒரே உறையில் வைத்திருங்கள். புதிய மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால், எப்படி இருக்கிறீர்கள் என்று அவர் கேட்குமுன்பே அந்த உறையை அவர் கையில் கொடுங்கள்.