எழுத்தில் தடுமாறும் பிள்ளை



காப்பிச் செடியில் பழத்தையும் காயையும் ஒரே பார்வையில் பிரித்தறியும் சிறுவன், ஏட்டில் ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் வேறுபாடு காணாது திகைப்பதுண்டு. கவனமும் ஓரிடத்தில் நில்லாது. அவனைச் சோம்பேறியென்று அடித்து, பழம் பறிக்கும் மார்கழியில் பள்ளியை விட்டே நிறுத்திவிடுவோர் நம்மில் உளர். பிழை பிள்ளையுடையதன்று.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. அதனை இளமையிலேயே கண்டறிவது பள்ளியின் கடமை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பஞ்சாயத்து உறுப்பினரும் அமர்கிறார். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வந்து பார்க்கவேண்டுமென்று அவர் அங்கே கேட்கட்டும்.

வீட்டில் நாம் ஒரு நேரத்தில் ஒரு வேலையே சொல்வோம். கால் மணி படிப்பு, பிறகு சிறிது ஓட்டம். களத்தில் காயும் காப்பிக் கொட்டைகளை அடுக்கி எழுத்தமைக்கச் செய்வோம்.