கோட்டையூரில் சேர்ந்த காகிதம்

கல்லூரியும் கம்பெனியும் தோளோடு தோள் நிற்கிற ஊர் நம் பென்னலூர். அரிய நூல்களைக் காக்கும் நூலகத்தின் வழக்கை இங்கே பேசாமல் வேறெங்கே பேசுவது? செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒரு மனிதர். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது பிழைப்பு. பழம்புத்தகம், நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று, ஊர் எடைக்குப் போட்டதையெல்லாம் அடுக்கி வைத்தார். லட்சத்தை ஒட்டிய உருப்படிகள்! அந்த ரோஜா முத்தையா 1992-ல் மறைந்தார். 1994-ல் வாங்கியது யார்? மதுரையா, சென்னையா? சிகாகோ பல்கலைக்கழகம்! மேடைதோறும் தமிழுக்கு உயிரைத் தருகிறவர்களே, உயிர் வேண்டாம், அன்றைக்கு நாலு அலமாரி தந்திருந்தால் போதுமே!

வெள்ளைக்காரன் கொண்டுபோய்விட்டான் என்று பொருமுகிறவர்கள் உண்டு. கொண்டுபோகவில்லை ஐயா! சென்னையிலேயே நூலகமாக்கி, மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். இன்று தரமணியில் நீங்கள் போய்ப் படிக்கலாம். இன்னொரு கதையையும் பாருங்கள். தமிழ் எழுத்தில் 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, பதினாறே பக்கம். நாமறிந்த ஒரே பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டில். பத்திரமாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதை ஆராய வேண்டிய பிள்ளை காஞ்சிபுரத்தில் அல்லவா இருக்கிறான்? அரிய நூல் அதன் வாசகன் இருக்கிற மண்ணில் இருக்க வேண்டும் என்பதே என் வாதம். பணம் எந்த நாட்டிலிருந்தும் வரட்டும். ஸ்கேன் போதுமே என்பார்கள். ஸ்கேன் எடுப்பவர் பின்னட்டை விளம்பரத்தையும் விலையையும் விட்டுவிட்டால், அந்த நூலை யார் வாங்கினார்கள் என்ற வரலாறே போச்சு. மறுபடி பார்க்க மூலம் வேண்டாமா?

ஈரக்காற்று, கரையான், ஏசி, கரண்ட் பில், யார் கொடுப்பது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனிகளைக் கேளுங்கள்! 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி, லாபம் ஒரு வரம்பைத் தாண்டினால் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகப் பணிக்கு. பொதுநூலகமும் பண்பாட்டுப் பாதுகாப்பும் அந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன. பள்ளிக்கும் குடிநீருக்கும் அல்லவா முதலில் என்றால், சரி, அதையும் செய்யுங்கள். இதற்கு ஒரு பங்கு ஒதுக்குங்கள். இங்கே ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் பேட்ச் நம்பர் போடுகிறோம், நம் வீட்டு ஏட்டுச்சுவடிக்கு ஒரு சீட்டு எண் உண்டா? கல்வெட்டு பதித்துக் கட்டடம் எழுப்ப எல்லாருக்கும் ஆசை. முதலில் சுவடி படிக்கத் தெரிந்த இரண்டு பேருக்குச் சம்பளம் போட்டு அட்டவணை எழுத வையுங்கள், கட்டடம் அப்புறம்!