குருதி கொடுக்க விரும்பிய உறுப்பினர்



கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் கீழ்க்கோடியில், சென் லோறன்ஸ் நதியோரம் பாற்பண்ணைகளும் சோளவயல்களும் நிறைந்த தேர்தற்றொகுதியொன்றுண்டு. 2004 தொடக்கம் அது பழைமை பேணுங் கட்சியின் கோட்டை. 2019இல் அங்கே அக்கட்சியின் சார்பில் வென்றவர் எரிக் டங்கன்.

அவர் ஊருக்குப் புதியவரல்லர். 2010இல், 22 வயதிலேயே, நோத் டண்டாஸின் நகர முதல்வரானவர். தாம் தன்பாலீர்ப்பினர் என்பதையும் அவர் மறைத்தாரில்லை. 2003இல் உருவான அக்கட்சியில், இவ்வாறு வெளிப்படையாக வாழ்ந்துகொண்டு பாராளுமன்றஞ் சென்ற முதல் ஆடவர் அவரே. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே உரியதென்னும் வாசகத்தை அக்கட்சி தன் கொள்கையேட்டிலிருந்து நீக்கியதே 2016இற்றான். நாட்டின் சட்டமோ 2005இலேயே மாறிவிட்டது.

2020இல் டங்கன் பாராளுமன்றத்தில் எழுந்து, தாம் குருதி வழங்கலாமா எனச் சுகாதார அமைச்சரிடம் வினவினார். எளிய வினா. எனினும் அதன் பின்னால் நீண்ட வரலாறு இருந்தது. எண்பதுகளில் நோய்க்கிருமி கலந்த குருதியால் கனடாவிற் பல்லாயிரவர் பாதிக்கப்பட்டனர். அவ்வச்சத்தால் ஆணோடு உறவு கொண்ட ஆண்கள் குருதி வழங்குவது முற்றாகத் தடுக்கப்பட்டது. அச்சம் நியாயமானதே. ஆனால் பெறப்படும் குருதி முழுவதையும் பரிசோதிக்கும் முறை வளர்ந்த பின்னரும் தடை மெல்ல மெல்லவே தளர்ந்தது: 2013இல் ஐந்தாண்டு, 2016இல் ஓராண்டு, 2019இல் மூன்று திங்கள். ஆக, மூன்று திங்கள் துறவு பூண்டால் கொடுக்கலாம் என்பதே அன்றைய விதி அவருக்களித்த விடை. அத்தடையை நீக்குவோமென 2015இல் வாக்களித்திருந்தது தாராண்மைக் கட்சியே. அதனை நினைவூட்டியவரோ பழைமை பேணுங் கட்சியினர்!

மாற்றுக் கட்சியினரை வினவுவது ஒருவாறு எளிது. தம்மவரோடு மாறுபடுவதன்றோ கடினம்? 2021 யூனில், தன்பாலீர்ப்பை மாற்றுவதாகக் கூறிச் செய்யும் ‘சிகிச்சை’யைத் தடுக்கும் மசோதா 263இற்கு 63 என்ற வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தோருள் ஒருவரையன்றி மற்றையோரெல்லாம் டங்கனின் கட்சியினர். அவர் ஆதரித்தே வாக்களித்தார். தேர்தலால் அம்மசோதா காலாவதியாயிற்று. அவ்வாண்டு திசெம்பர் முதலாந் தேதி, புதிய மசோதாவை வாக்கெடுப்பின்றி ஏகமனதாக நிறைவேற்றுவோமெனப் பிரேரித்தது அதே கட்சி.

2022 செப்டெம்பரிற் குருதித் தடையும் நீங்கியது. இப்பொழுது ஆண், பெண் யாவரிடமும் ஒரே வினாக்களே கேட்கப்படுகின்றன. 2025இல் அந்நதியோர மக்கள் டங்கனை மீண்டும் தெரிவுசெய்தனர்.