சொல்லப்படாத கதைகள்



கனடாவின் பூர்வகுடிப் பிள்ளைகள் ஏறத்தாழ 150,000 பேர், 19ஆம் நூற்றாண்டு தொட்டு 1990கள் வரை விடுதிப் பள்ளிகளில் வைக்கப்பட்டனர். தாய்மொழி பேசியமைக்காகத் தண்டிக்கப்பட்டோர் பலர். வீடு திரும்பிய பின்னரும் அவர்கள் வாய் திறக்கவில்லை. பெற்ற பிள்ளைகளுக்கும் அம்மௌனத்தின் காரணம் விளங்கவில்லை.

2008இல் அமைக்கப்பட்ட உண்மைக்கும் நல்லிணக்கத்திற்குமான ஆணைக்குழு, 2015 வரை 6,000இற்கும் மேற்பட்டோரைச் செவிமடுத்தது. விரும்பி வந்தோரே பேசினர். குறுக்கு விசாரணை இல்லை. கண்ணீர் துடைத்த தாள்கள்கூடக் குப்பைக்குச் செல்லவில்லை. அவை சேகரிக்கப்பட்டுப் புனிதத் தீயில் இடப்பட்டன. சட்டம் அறியாத மரியாதை அது! சொன்னவரின் துயர் அத்தோடு தீர்ந்தது என எவரும் கூறார். ஆயினும், பெற்றோர் தம்மை ஏன் அணைத்து வளர்க்கவில்லை என்பதை வளர்ந்த பிள்ளைகள் பலர் அவ்வாறே முதன்முதலாக அறிந்தனர்.

அதே நாட்டில், 1983இன் பின் தஞ்சமடைந்த ஈழத்தமிழர் இல்லங்கள் பலவற்றிலும் மௌனம் உண்டு. ஸ்காபரோவில் பிறந்த பேர்த்தி ஊரைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் இப்ப ஏன், மோனை?" என்று அம்மம்மா பேச்சை மாற்றிவிடுகிறார். அவளும் மறுமுறை கேட்பதில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள் பாடநூலை ஒரு மணிநேரம் மூடிவைத்து, விரும்பி வரும் அம்மம்மாக்களை அங்கே அமர்த்தலாம். அவர்கள் முதலில் கிணற்றடியையும் பனங்காய்ப் பணியாரத்தையும் பற்றிச் சொல்லட்டும். மற்றவற்றை எப்போது சொல்வதென்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.