உலகமுடிவுக்கு மீண்டும் ஒரு நடை

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் இளைஞர் பகுதியின் சார்பில் நிகழ்த்திய உரை)



ஹோர்ட்டன் சமவெளிக்கு மறுபடியும் ஒருமுறை போய்வர உத்தரவு கேட்கவே இன்று உங்கள் முன் நிற்கிறோம். சென்ற வருஷம் நடந்ததை அதற்குள் மறந்துவிட்டார்களா என்ற கேள்வி சிலர் முகத்தில் தெரிகிறது. மறக்கவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறோம்.

சென்ற ஆவணியில் போன அந்தப் பயணத்துக்கு நாங்கள் செய்த ஆயத்தமெல்லாம் வேன் பிடித்ததும் ரொட்டி சுட்டதுந்தான். வாசலை அடையும்போது காலை பத்து மணி. உலகமுடிவில் நின்று நாங்கள் கண்டது வெள்ளைச் சுவர் போன்ற மூடுபனி. அது போகட்டும், பனி யாரையும் கடிக்காது. ஆனால் அங்கிருந்து புறப்பட்டபின் தலை எண்ணினால் சிறுவர் இருவர் குறைந்தார்கள். முன்னே போயிருப்பார்கள் என்று எண்ணி நாங்கள் பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம் விரைந்தோம். நாங்கள் வந்த வழியே திரும்பிவிட்டோம் என்று எண்ணி அவர்கள் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்குச் சிறிய உலகமுடிவின் அருகில் நனைந்து நடுங்கியபடி அவர்களைக் கண்டோம். தோட்டத்துக்கு வந்து சேர இரவு ஒன்பதாயிற்று. லயத்தின் கோடியில் ஒரு தாய் விளக்கோடு நின்றார். அவர் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

பாதையில் பிழையில்லை, பிழை முழுவதும் எங்களுடையது. ஆகவே இம்முறை பாதையைப் படித்துவிட்டு வந்திருக்கிறோம்.

அது ஒரு வட்டப்பாதை. ஃபார் இன் என்னும் இடத்தில் தொடங்கி, சிறிது தூரத்தில் இரண்டாகப் பிரிந்து, சிறிய உலகமுடிவு, பெரிய உலகமுடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி மூன்றையும் தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. மொத்தம் ஏறக்குறைய ஒன்பதரை கிலோமீற்றர். ஸ்கொத்லாந்துக்காரரான நெய்ஸ்மித் என்பவர் 1892இல் மலை நடைக்கு ஒரு கணக்குச் சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், இரண்டாயிரம் அடி ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். அதன்படி நமக்கு இரண்டரை மணி நேரம் போதும். ஆனால் அவர் பத்து வயதுப் பிள்ளைகளையும் முழங்கால் வலிக்காரரையும் சேர்த்து எண்ணவில்லை. நாங்கள் நாலரை மணி நேரம் வைத்திருக்கிறோம். வரிசையின் முன்னே நடப்பவர் நம்மில் மிக மெதுவாக நடப்பவராகவே இருப்பார்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது? உலகமுடிவை முதலில், நீர்வீழ்ச்சியைப் பிறகு. காலை ஒன்பது பத்து மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிவிடும். நீர்வீழ்ச்சி மேகத்துக்குப் பயப்படாது. உலகமுடிவுச் செங்குத்து சுமார் 870 மீற்றர். அவ்விடத்தில் எவரும் விளிம்பை நெருங்கிப் படம் எடுக்கக் கூடாது. அங்கேயே இரண்டாம் முறை தலை எண்ணுவோம். அது வட்டத்தின் நடுப்பகுதி. அதற்கு மேல் முன்னே போனாலும் பின்னே வந்தாலும் தூரம் ஒன்றுதான். உடம்புக்கு முடியாதவர் அதற்கு முன்பே, சிறிய உலகமுடிவிலேயே சொல்லிவிட வேண்டும்.

யாராவது தவறினால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தேடுபவர்கள் இரு பிரிவாகி இருபுறமிருந்தும் வருவார்கள்; பாதை பிரியும் இடத்தில் ஒருவர் அசையாமல் நிற்பார். வட்டப்பாதையில் இருபுறமும் வருபவர்கள் நடுவே நிற்பவரைத் தவறவிட முடியாது. சென்ற வருஷம் இது தெரியாமற் போயிற்று. கைத்தொலைபேசியை நம்ப வேண்டாம். அங்கே எல்லா இடத்திலும் அது எடுபடாது.

தோட்டத்துக்கு மேலே காட்டுக்குள் ஏறும் பழைய அடிப்பாதை இருக்க, தலவாக்கலை, நுவரெலியா, பட்டிப்பொல என்று ஊரைச் சுற்றுவானேன் என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான ஆசைதான். தலைக்கு மேல் தெரியும் மலைக்கு மூன்று மணி நேரம் வேனில் போவது எங்களுக்கும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அது 1969இல் சரணாலயமாகி 1988இல் தேசியப் பூங்காவான இடம். அனுமதிச் சீட்டுப் பெற்று வாசல் வழியே போனால்தான் எத்தனை பேர் உள்ளே போனோம் என்பது ஒருவருக்காவது தெரியும். காட்டுக்குள் சிறுத்தை உண்டு. பனி இறங்கினால் அடிப்பாதை கண்ணுக்குத் தெரியாது.

பெண்பிள்ளைகளும் வருவதா என்று பெரியவர் ஒருவர் கேட்டார். அவரிடம் மரியாதையோடு ஒன்று சொல்கிறோம். நம் அக்காமார் கொழுந்துக் கூடையோடு தினமும் ஏறி இறங்கும் மலையை நினைத்தால், இந்த நடையில் தளர்ந்து நிற்கப் போவது பல்கலைக்கழகத்தில் குந்தியிருக்கும் நாங்கள்தான். தாய்மார் இருவர் துணைக்கு வர இணங்கியிருக்கிறார்கள்.

ஏன் இத்தனை பிரயாசை என்றால், மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹோர்ட்டன் தேசாதிபதியைப் படித்தோம், பேக்கர் துரையைப் படித்தோம். நம் தோட்டத்தைத் தாண்டி ஓடும் ஆக்ரா ஓயா அந்தச் சமவெளியில் பிறக்கிறது என்பதை எவரும் சொல்லித் தரவில்லை. இங்கிருந்து அந்தத் தண்ணீர் கொத்மலை ஓயாவோடு மகாவலிக்குப் போகிறது. களனிக்கும் வளவைக்கும் தலைநீர் அங்கேதான். 2010இல் அம்மலைநாடு உலக மரபுரிமையாயிற்று. வெளியூரார் அதைக் காண எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அதன் அடியில் பிறந்து, அதன் நீரைக் குடித்து வளர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள்?

உத்தேசித்திருப்பது தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. தை, மாசியில் அங்கே மழை குறைவு. அதிகாலையில் புல் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். இரவு இரண்டரைக்கு வேன் புறப்படும். ஆறு மணிக்கு வாசலில் நிற்போம். முற்பகல் பதினொன்றுக்குள் நடை முடியும். வாசலில் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். ஆகவே ரொட்டியும் சம்பலும் தகரப் பெட்டியில் வரட்டும். மரைகள் கிட்ட வந்து நிற்கும். ஒரு துண்டு ரொட்டிகூடக் கொடுக்கலாகாது.

வர விரும்புவோர் பெற்றோர் கையொப்பத்தோடு இம்மாத முடிவுக்குள் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கவும். கம்பளிச் சட்டை இல்லாதவர்கள் கூச்சப்படாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். சங்கத்தில் நாலு இருக்கின்றன, மற்றவற்றை எங்கள் வீடுகளில் கேட்டு வாங்குகிறோம்.