நீராவியும் சாதியும்: வடசென்னையின் பேரில்லாத வரலாறு

(காசிமேட்டில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



காசிமேட்டிலிருந்து பாரிமுனைக்கு பஸ் ஏறுகிறோம். அந்தப் பாரி, முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி இல்லை. தாமஸ் பாரி என்ற வியாபாரி. இங்கிலாந்தை ஒட்டி மேற்கே இருக்கிற வேல்ஸ் நாட்டுக்காரர். 1788இல் சென்னைக்கு வந்தவர். அவருக்கு நூறு வருஷம் முன்னால், 1687 முதல் 1692 வரை, கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேலும் வேல்ஸ் வம்சம்தான். அவர் கல்லறை வேல்ஸில் ரெக்ஸம் என்ற ஊரில் இருக்கிறது. ஆக, வேல்ஸுக்கும் சென்னைக்கும் பழைய உறவு. ஆனா அது முதலாளிகளோட உறவு. நான் பேச வந்தது வேறு. விக்டோரியா ராணி காலத்தில் அங்கே சுரங்கத்திலும் இரும்பு உலையிலும் வெந்தவனும், இங்கே தண்டவாளத்துக்கு மண் சுமந்தவனும் ஒரே நீராவி யுகத்தின் பிள்ளைகள். அவனுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நம்மாளுக்கு ஏன் இல்லை? இதுதான் கேள்வி.

முதலில் அங்கே போவோம். தெற்கு வேல்ஸில் மெர்தர் டிட்வில் என்று ஒரு ஊர். 1840களில் அங்கிருந்த டௌலைஸ் இரும்பாலையில் 18 ஊதுலைகள், ஏழாயிரத்துக்கும் மேல் ஆட்கள். உலகத்தின் பல மூலைகளுக்கும் தண்டவாளம் அங்கிருந்து போனது. நிலத்தில் பிழைக்க முடியாதவன் எல்லாம் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தான். சாக்கடை கிடையாது, குடிதண்ணீர் கிடையாது. 1849 காலராவில் அந்த ஊரில் மட்டும் ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். கூலியைக் காசாகக் கொடுக்காமல் கம்பெனிக் கடையில் சாமானாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் முறையும் அங்கே இருந்தது. 1842இல் சட்டம் வருகிற வரைக்கும் பெண்களும் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளும் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். 1867இல் ஃபெர்ன்டேல் சுரங்கம் வெடித்து 178 பேர் செத்தார்கள்.

அவமானமும் உண்டு. 1847இல் வேல்ஸ் மொழியே தெரியாத மூன்று ஆங்கிலக் கமிஷனர்கள் வந்து, இந்த ஜனங்கள் அறிவில்லாதவர்கள், ஒழுக்கமில்லாதவர்கள், இவர்கள் பாஷைதான் இவர்களைக் கெடுக்கிறது என்று அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார்கள். பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். சேரிப் பிள்ளைகளான நமக்கு இது புதுசா என்ன?

ஆனால் அந்த ஜனங்கள் பதில் சொன்னார்கள். அந்த அறிக்கைக்கு 'நீலப் புத்தகத் துரோகம்' என்று பேர் வைத்தார்கள். 1831இல் மெர்தர் தொழிலாளர் எழுச்சியில், ஒரு சிப்பாயைக் குத்தினான் என்று சொல்லி டிக் பெண்டரின் என்ற சுரங்கத் தொழிலாளியைக் கார்டிஃப் நகரில் தூக்கில் போட்டார்கள். அன்றாடங்காய்ச்சி அவன். ஆனாலும் அவன் பேர் இன்று வரைக்கும் நிற்கிறது. செத்தவன் பேரை அந்தச் சமூகம் கீழே போடவில்லை.

இப்ப இங்க வாங்க.

1843இல் ஐந்தாவது சட்டம் வந்தது. ஒருவனை அடிமை என்று உரிமை கொண்டாடினால் நீதிமன்றம் ஏற்காது என்றது. செங்கல்பட்டு ஜில்லாவில் மிராசுதார் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்த பறையர்களுக்கு அந்தச் சட்டம் ஒரு குழி நிலம் கொடுக்கவில்லை. குடிசை போட்ட மனைகூட மிராசுதாருடையது. ஏறத்தாழ ஐம்பது வருஷம் கழித்து, 1891இல் கலெக்டர் டிரெமன்ஹீர் அறிக்கை எழுதும்போதும் நிலைமை அதுதான். அந்த அறிக்கையை ஒட்டித்தான் 1892இல் பஞ்சமி நில அரசாணை வந்தது. நடுவில் இருந்த அந்த ஐம்பது வருஷத்தில் நிலமில்லாத இந்த உழைப்பு எங்கே போனது? தண்டவாளத்துக்கு, கப்பலுக்கு, கால்வாய்க்கு, துறைமுகத்துக்கு, மில்லுக்குப் போனது.

தண்டவாளத்தைப் பார்ப்போம். 1853இல் காரல் மார்க்ஸ் இந்தியாவைப் பற்றி எழுதியபோது, ரயில்வே வந்தால் நவீனத் தொழில் வரும், அது சாதிக்கு அடிப்படையான பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்த்தார். மூன்றே வருஷம். 1856 ஜூன் 28இல் கவர்னர் ஹாரிஸ் ராயபுரம் ரயில் நிலையத்தைத் திறந்துவைத்தார். தென்னிந்தியாவின் முதல் ரயில், ஜூலை 1ஆம் தேதி இங்கிருந்து வாலாஜா பக்கம் ஓடியது. அந்த வருஷமே பெரம்பூரில் பட்டறையும் வந்தது. மார்க்ஸ் சொன்ன ரயில் நம்ம வாசலுக்கே வந்தது தோழர்களே. சாதி கரைந்ததா?

ரயில் சாதியைக் கரைக்கவில்லை, அடுக்கிவைத்தது. டிரைவரும் கார்டும் வெள்ளைக்காரர், ஆங்கிலோ இந்தியர். எழுத்து வேலை படித்த மேல்சாதிக்கு. மண் வெட்ட, ஜல்லி கொட்ட, கரி அள்ள, கக்கூஸ் கழுவ நம்மாளு. 1938 பிப்ரவரியில் மன்மாடில் கூடிய தாழ்த்தப்பட்ட ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் சொன்னது இதைத்தான். ரயில்வேயில் நம்மவன் காலமெல்லாம் கேங்மேனாகவே கிடக்கிறான். போர்ட்டர் வேலைகூட ஏன் கிடைக்கவில்லை? ஸ்டேஷன் மாஸ்டர் போர்ட்டரைத் தன் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வான், தீண்டத்தகாதவனை எப்படி வீட்டுக்குள் விடுவான்? பம்பாய் மில்லில் நெசவுப் பகுதியில் கூலி அதிகம். அங்கே நம்மவனுக்கு இடமில்லை, ஏனென்றால் நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்கவேண்டும், எச்சில் தீட்டு. பிராமணியம், முதலாளித்துவம் என்று தொழிலாளிக்கு இரண்டு எதிரிகள் என்று அவர் சொன்னது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். வேல்ஸ் சுரங்கத்தில் ஒருவன் இன்னொருவன் கையைப் பிடித்து மேலே ஏறினான். இங்கே கையைப் பிடிப்பதிலேயே தீட்டு இருந்தது.

அடுத்து கப்பல். 1860 அக்டோபர் 13இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரோடு சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16இல் டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் 1,52,184 பேர் போனார்கள், பெரும்பகுதி இந்தச் சென்னையிலிருந்து. அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், உடம்பில் இருக்கிற தழும்பு வரைக்கும் எழுதியிருக்கிறான். பல பெயர்களுக்கு நேரே 'பறையன்' என்று போட்டிருக்கிறது. அவனுக்கு அது சரக்குக் கணக்கு, ஓடிப்போனால் பிடிக்கிறதுக்கான அடையாளம். இருந்தாலும் பேர் பதிவாகிவிட்டது. நாடு கடந்து போனவனுக்குப் பேர் இருக்கிறது. இங்கேயே கிடந்து ராயபுரத்தைக் கட்டினவனுக்கு இல்லை.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் ஜனங்கள் செத்தார்கள். 1877 பிப்ரவரியில் சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலை மலையாக அடுக்கிக் கிடந்ததற்குப் புகைப்படம் இருக்கிறது. எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருக்கிற குடும்பங்களுக்கும் புகைப்படம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. வேறு விளக்கம் தேவையில்லை. கல்கத்தாவிலிருந்து வந்த ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்குக் கூலி நிர்ணயித்தார்: ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும், அதாவது அரைக்கிலோவுக்கும் கீழே. பொம்பளைக்கு இன்னும் குறைவு. நாள் முழுக்க மண் வெட்டுகிறவன் இதைத் தின்று உயிர் வாழமுடியாது என்று சென்னையின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்தார். சில மாதம் கழித்துத்தான் கூலி உயர்ந்தது. அதற்குள் எத்தனை பேர் போனார்களோ!

அந்தப் பஞ்சக் கூலியில் தோண்டியதுதான் நகரத்துக்குள் கூவத்தையும் அடையாறையும் இணைக்கிற கால்வாய்த் துண்டு. பேசின் பிரிட்ஜ், எண்ணூர் வழியாக வடக்கே போகிற பழைய கால்வாயோடு சேர்த்து முழுவதுக்கும் அப்போதிருந்த கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பேரை வைத்தார்கள். 1876இல் பெரம்பூரில் பின்னி கம்பெனி தொடங்கிய மில்லுக்கும் அதே பேர். ஒரு கவர்னர் பேர் கால்வாய்க்கும் இருக்கிறது, மில்லுக்கும் இருக்கிறது. தோண்டினவள் பேர், தறி ஓட்டினவன் பேர் எங்கேயும் இல்லை. இன்றைக்கு அந்தக் கால்வாய் சாக்கடை. அதன் கரையில் யார் குடியிருக்கிறார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

காசிமேட்டில் நின்றுகொண்டு துறைமுகத்தைப் பேசாமல் போகமுடியாது. துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல் நடுக்கடலில் நிற்கும். ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகில் கரைக்கு ஆளையும் சரக்கையும் கொண்டுவந்தவர்கள் மீனவர்கள். அந்த அலையை வெள்ளைக்காரனால் தாண்ட முடியவில்லை. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். பேரில் மட்டும்தான் அவருக்கு வேல்ஸ். கல் சுமந்து கடலில் கொட்டியது வேறு ஆட்கள். 1881 நவம்பர் புயல் கட்டினதை உடைத்தது. மறுபடியும் கட்டினார்கள். அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். நம்ம கடலில் மணல் வருஷத்தில் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்தின் கல் சுவர் அதை மறித்துவிட்டது. தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போனது. 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை போட்டு மெரினா என்று பேர் வைத்தார். வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் கரையைத் தின்றது. அந்தப் பக்கம் காற்று வாங்க மணல், இந்தப் பக்கம் கருங்கல் சுவர். இதை இயற்கை என்று சொல்லித்தருகிறார்கள். கட்டினவன் எடுத்த முடிவு அது. பின்னாளில் துறைமுகத்தின் நிலக்கரித் தூசு நகரத்தைக் கெடுக்கிறது என்று வழக்கு வந்து, 2011இல் நிலக்கரியை எண்ணூர் பக்கம் தள்ளினார்கள். தூசு ஒழியவில்லை, இன்னும் வடக்கே போனது. அவ்வளவுதான்.

மீனவர் குப்பத்துக்கும் சேரிக்கும் நடுவிலும் சாதி இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது ஒற்றுமை ஆகாது. ஆனால் இருவரையும் தின்றது ஒரே கல் சுவர் என்பதையும் பேசவேண்டும்.

இடதுசாரித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 1918 ஏப்ரலில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தை இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பெருமையாகச் சொல்கிறோம். சரிதான். 1921 வேலைநிறுத்தம் வரும்போது மட்டும் ஆதி திராவிடர்கள் கருங்காலிகள் ஆனார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் கூலி இல்லாமல் உட்கார யாரால் முடிந்தது? ஊரில் நிலமோ உறவோ கடனோ இருந்தவனால் முடிந்தது. குடிசை தவிர எதுவும் இல்லாதவன் வேலைக்குப் போனான். இரு தரப்பிலும் அடிதடி நடந்தது, உண்மை. ஆனால் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, அதுவும் உண்மை. எம்.சி. ராஜா அந்த ஜனங்களுக்காகப் பேசினதைத் துரோகம் என்று எழுதுவதற்கு முன்னால், சங்கம் சேரிக்குள் வந்து என்ன பேசியது என்று கேட்கவேண்டும். பட்டறையிலும் மில்லிலும் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள், வீடு திரும்பும்போது வேறு வேறு தெருவுக்குப் போனார்கள். வர்க்கம் மில் வாசலோடு நின்றுபோனது. சாதி வேலை பிரிவினை மட்டுமில்லை, வேலை செய்கிறவர்களைப் பிரிப்பது என்று 1936இல் அம்பேத்கர் எழுதினது பெரம்பூருக்கும் பொருந்தும்.

இதனால் நம்மாளு சும்மா இருந்தான் என்று அர்த்தமில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகை நடத்தினார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். ராயபுரத்திலிருந்து மேற்கே போன அதே ரயிலில்தான் நம்மவர்கள் கோலார் தங்கவயலுக்கும் போனார்கள்; சுரங்கத்துக்குள் இறங்கிய அந்த ஜனங்கள் மத்தியில் பௌத்தமும் பத்திரிகையும் வளர்ந்தன. வேல்ஸ்காரன் நீலப் புத்தகத்துக்குப் பதில் சொன்ன மாதிரி நம்மவர்களும் சொல்லியிருக்கிறார்கள். நாம்தான் படிக்கவில்லை.

மாணவர்களுக்குச் சில வேலைகள் சொல்லி முடிக்கிறேன். பின்னி மில் 1996இல் மூடிப்போனது. அங்கே வேலை செய்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் டோக்கன், சர்வீஸ் புத்தகம், போனஸ் சீட்டு பெட்டிக்குள் இருக்கும். வாங்கிப் பாருங்க, பேரை எழுதிக்கோங்க. பெரம்பூர் பட்டறை, துறைமுகம், மாநகராட்சி, எங்கே யார் வேலை செய்தார்கள் என்று தெருத் தெருவாகக் கேளுங்க. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பஞ்ச நிவாரண வேலை, துறைமுக வேலைக் கோப்புகளைக் கேட்டு வாங்கிப் படிங்க. நேட்டால் பட்டியலில் செங்கல்பட்டு, வடஆற்காடு கிராமங்களைத் தேடி, அந்தச் சேரிகளுக்குப் போய்ச் சொல்லுங்க: உங்க ஊர்க்காரன் ஒருத்தன் இந்த வருஷம் இந்தக் கப்பலில் போனான், அவன் தகப்பன் பேர் இது என்று.

இன்னொன்று. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் பாதாளச் சாக்கடையில் விஷவாயு தாக்கிச் சாகிறார்கள். செய்தியில் 'தொழிலாளி பலி' என்று போடுவான். போய்ப் பேரைக் கேளுங்க. தகப்பன் பேர், தெரு, வயது, யார் உள்ளே இறக்கினது, எல்லாம் எழுதுங்க. நூறு வருஷத்துக்கு முன்னால் விட்டதை இன்றைக்கும் விடக்கூடாது.

ஜெய்பீம்.