குதிரைக்கு ஒரு நியாயம், ஓட்டக்காரிக்கு ஒரு நியாயமா?

(கோடம்பாக்கத்தில் தொழிலாளர்கள், வாலிபர்கள் கூடிய கூட்டமொன்றில் விளையாட்டில் ஊக்கமருந்து பற்றி நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்தக் கோடம்பாக்கம் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் கிண்டி. அங்கே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் குதிரைப் பந்தயம் நடந்தது. வெள்ளைக்காரத் துரைமார்களும், பிற்பாடு நம்முடைய சீமான்களும் பணம் கட்டி ஆடிய இடம் அது. அந்த நிலத்தின் குத்தகையை 2024ல் தமிழ்நாடு சர்க்கார் ரத்துச் செய்தது.

ஊக்கமருந்துக்கும் கிண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. பந்தயத்தில் மருந்து கொடுத்திருக்கிறார்களா என்று சோதிக்கும் முறை முதன்முதலில் குதிரைக்குத்தான் வந்தது. 1910 வாக்கில் ஆஸ்திரியா தேசத்தில் பந்தயக் குதிரையின் எச்சிலை எடுத்து ரசாயன சோதனை செய்தார்கள். மனிதனை ஒலிம்பிக்கில் சோதிக்க ஆரம்பித்தது 1968ல். குதிரைக்கும் மனிதனுக்கும் ஐம்பத்தெட்டு வருஷ இடைவெளி! காரணம் ரகசியமல்ல. குதிரையின் மேல் பணக்காரர்கள் பணம் கட்டியிருந்தார்கள்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். குதிரையின் சிறுநீரில் தடை செய்த மருந்து அகப்பட்டால், பரிசு பறிபோகும். அதற்குப் பிறகு பதில் சொல்ல வேண்டியவர் யார்? அந்தக் குதிரையைப் பழக்கிய டிரெயினர். ‘எனக்குத் தெரியாது, யாரோ ஊசி போட்டுவிட்டார்கள்’ என்று சொல்லி அவர் சுலபமாகத் தப்ப முடியாது. லாயத்துக்கு அவர்தான் பொறுப்பு.

மனிதர் ஓடும் பந்தயத்தில் சட்டம் வேறு. உன் உடம்பில் என்ன இருக்கிறதோ அதற்கு நீயே பொறுப்பு. யார் கொடுத்தது, எப்படி வந்தது என்பதெல்லாம் பிறகு. இந்த விதி சரியா, போதுமா என்பதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்கும் பிரச்னை.

முதலில் இந்த மருந்து என்ன செய்கிறது என்று பார்ப்போம். பல வகை உண்டு. நம் நாட்டில் அடிக்கடி அகப்படுவது ஸ்டீராய்டு என்ற வகை. ஆணின் உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் சத்தைப் போலச் செய்யப்பட்ட சரக்கு இது. தசை பெருக்கும். கடும் பயிற்சியால் வந்த அலுப்பு சீக்கிரம் தீரும். மற்றவள் ஒரு நாள் ஓய்வு எடுக்கும்போது இவள் மறுபடி ஓடலாம். ஆனால் உடம்பு அதற்கு வட்டியும் முதலுமாகக் கொடுக்கிறது. ஈரல் கெடுகிறது; இருதயம் பாதிக்கப்படுகிறது. பெண்ணுக்குக் குரல் தடிக்கிறது, முகத்தில் மயிர் வளர்கிறது, மாதவிடாய் தவறுகிறது. தடித்த குரல் மருந்தை நிறுத்தினாலும் திரும்புவதில்லை.

கண்டுபிடிப்பது எப்படி? போட்டி முடிந்ததும், அல்லது முன்னறிவிப்பின்றி வீட்டுக்கே வந்து, அதிகாரி சிறுநீர் கேட்பார். பெண்ணுக்குப் பெண் அதிகாரி, ஆணுக்கு ஆண் அதிகாரி, பக்கத்திலேயே நின்று பார்ப்பார். அதை இரண்டு பாட்டிலில் பிரித்து, ‘ஏ’, ‘பி’ என்று குறித்து, முத்திரை வைப்பார்கள். லாபரட்டரிக்குப் போவது நம்பர் மட்டும், பெயர் போகாது. ‘ஏ’ பாட்டிலில் மருந்து அகப்பட்டால், ‘பி’ பாட்டிலையும் திறந்து சோதிக்கும்படி கேட்க விளையாட்டு வீரருக்கு உரிமை உண்டு. மாதிரி கொடுக்க மறுத்தால், அதுவும் குற்றமே.

இனி நம் தமிழ்நாட்டுச் சம்பவத்துக்கு வருகிறேன். திருச்சி அருகே முடிகண்டம் என்ற கிராமம். அங்கே விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர் கோமதி மாரிமுத்து. 2019 ஏப்ரல் 22ந் தேதி, தோஹா நகரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிஷம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். நாடு கொண்டாடியது. தமிழ்நாட்டுக் கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு லட்சக்கணக்கில் பரிசு கொடுத்தன. மாலை விழுந்தது, படம் பிடித்தார்கள்.

ஒரு மாதத்துக்குள் எல்லாம் தலைகீழாயிற்று. நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் அடையாளம் அவருடைய மாதிரியில் அகப்பட்டது. தோஹாவில் எடுத்த மாதிரியில் மட்டுமல்ல. அதற்கு முன் மார்ச் மாதத்தில் பாட்டியாலாவில் எடுத்த மாதிரியிலும் அதே பொருள். தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்று அவர் மறுத்தார். 2020 ஜூனில் தீர்ப்பு வந்தது. நான்கு வருஷத் தடை. தங்கம் பறிபோயிற்று.

இதில் இரண்டு விஷயங்களை நாம் நேர்மையாகப் பேச வேண்டும்.

ஒன்று: ஏழைக் குடும்பத்துப் பெண் என்பதற்காகச் சோதனையே கூடாது, தண்டனையே கூடாது என்று நாம் சொல்ல மாட்டோம். அந்தப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவர் சீனாவின் வாங் சுன்யூ. தேசிய கீதம் முழங்க மேடையின் உச்சியில் நிற்க வேண்டிய நாள் அவருக்குத் திரும்பி வரவில்லை. மருந்து போடாமல் ஓடித் தோற்றவளும் உழைப்பாளிதான். அவள் உழைப்பைத் திருடுவது திருட்டுதான்.

இரண்டாவது: நான்ட்ரோலோன் முடிகண்டத்து வயலில் விளையும் பயிரல்ல. எந்த வழியாக உடம்பில் ஏறியிருந்தாலும், அதை யாரோ தயாரித்திருக்கிறார்கள், யாரோ விற்றிருக்கிறார்கள். ஆனால் தீர்ப்பில் கூண்டில் நின்றது ஒரே ஒருத்தி. மார்ச் மாதத்து மாதிரியின் முடிவு உரிய காலத்தில் வந்திருந்தால், அவர் தோஹாவுக்கு விமானமே ஏறியிருக்க மாட்டார். அவருக்கு இத்தனை அவமானமில்லை. வாங் சுன்யூவுக்கு அந்த நஷ்டமில்லை.

இது ஒரு தனிச் சம்பவமா? 2011ஐ நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்திய ஆண்டில்தான் டில்லி காமன்வெல்த் போட்டியிலும் சீனாவின் குவாங்சௌ ஆசியப் போட்டியிலும் நம் பெண்கள் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கியிருந்தார்கள். அந்த அணியின் மன்தீப் கௌர், சினி ஜோஸ், அஸ்வினி அக்குஞ்சி உள்பட ஆறு பெண்கள் 2011ல் சோதனையில் சிக்கினார்கள். பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங் என்ற மூலிகைச் சத்தைத் தின்றோம், அதில் கலப்படம் இருந்திருக்கிறது என்றார்கள். இங்கே விசாரித்தவர்கள் ஒரு வருஷத் தடை போட்டார்கள். சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2012ல் அதை இரண்டு வருஷமாக உயர்த்தியது. பயிற்சியாளருக்கு என்ன ஆயிற்று? சர்க்கார் அவரை வேலையிலிருந்து நீக்கியது. லாயத்துக்குப் பொறுப்பானவருக்கு வேலை போயிற்று; ஓடியவர்களுக்கு வாலிபத்தில் இரண்டு வருஷம் போயிற்று.

நிலைமை இன்று எப்படி? 2023ல் இந்தியாவில் 5,606 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. நூற்றுக்கு 3.8 பங்கு மாதிரிகளில் தடை செய்த பொருள் அகப்பட்டது. ஐயாயிரத்துக்கு மேல் சோதித்த நாடுகளில் இதுவே அதிகமான விகிதம். அதே 2023 செப்டம்பரில் டில்லி மாநிலத் தடகளப் போட்டிக்குச் சோதனை அதிகாரிகள் வந்தார்கள். செய்தி பரவியது. ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் பந்தயத்துக்கு வந்து நின்றது ஒரே ஒருவர்! மைதானத்துக் கழிப்பறையில் உபயோகித்த ஊசிகள் கிடந்தன. கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அங்கே ஓட வந்தவர்களில் சிறுவர்களும் உண்டு. ஒரு பள்ளிக்கூடத்துப் பையனுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால் சிரிப்பு அடங்கிவிடும்.

உலகத்தையும் பாருங்கள். அமெரிக்காவின் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங், பிரான்சு தேசத்து சைக்கிள் பந்தயத்தில் ஏழு முறை ஜெயித்தார். விளம்பரக் கம்பெனிகள் பணத்தைக் கொட்டின. 2012ல் ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. லாப வேட்டை அங்கே மருந்தை வளர்த்தது. நம் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. சோஷலிசத்தின் பேரால் ஆட்சி செய்த கிழக்கு ஜெர்மனியில், 1970களிலும் 80களிலும் சர்க்காரே திட்டம் போட்டு, ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்தது. வைட்டமின் மாத்திரை என்று சொல்லிச் சிறுமிகளுக்கும் கொடுத்தார்கள். அதன் விளையாட்டுத் துறைத் தலைவர் மான்ஃபிரட் எவால்டுக்கு 2000ல் ஜெர்மன் கோர்ட்டு, நிறுத்தி வைத்த சிறைத் தண்டனை விதித்தது. எந்தக் கொடியின் கீழ் செய்தாலும் குழந்தையின் உடம்பைக் கெடுப்பது குற்றம்.

மில் தோழர்களுக்கு இது புதிய கதையல்ல. 2019ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களிடம் விசாரித்தார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால் லீவு கிடைப்பதில்லை, பெயர் ஒட்டாத மாத்திரைதான் கிடைக்கிறது என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். மெஷின் நிற்கக் கூடாது என்பதற்காக அங்கே மாத்திரை. மெடல் தவறக் கூடாது என்பதற்காக இங்கே ஊசி. கொடுத்தவனுக்கு லாபம், வாங்கியவளுக்கு வியாதி.

நம் பிள்ளைகள் ஏன் இதில் விழுகிறார்கள்? விளையாட்டு நமக்கு வெறும் பொழுதுபோக்கல்ல. மெடல் வந்தால் ரயில்வேயிலோ போலீஸிலோ வருமானவரி ஆபீஸிலோ வேலை. மெடல் இல்லாவிட்டால் மறுபடி களத்துமேடு. மூன்றாவதாக வருவதற்கும் நான்காவதாக வருவதற்கும் உள்ள அரை விநாடியில் ஒரு குடும்பத்தின் சோறு தொங்குகிறது. அந்த இடத்தில்தான் தரகன் ஊசியோடு வந்து நிற்கிறான்.

சட்டம் இல்லாமலில்லை. 2022ல் பார்லிமெண்டு ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் நிறைவேற்றியது. கட்டடத்தில் நுழைந்து சோதனை போடவும், பறிமுதல் செய்யவும் அதில் அதிகாரம் இருக்கிறது. மருந்து விற்கும், கொடுக்கும் பயிற்சியாளருக்கு நான்கு வருஷம் முதல் ஆயுள் வரை தடை விதிக்க விதி இருக்கிறது. அந்த விதி லாயத்துக்காரன் மேல் பாய வேண்டும். ஆகவே நம்முடைய கோரிக்கைகள் இவை:

முதலாவது, ஒரு வீரர் சிக்கினால் அவருடைய பயிற்சியாளர், டாக்டர், மருந்து விற்ற கடை ஆகிய மூன்றையும் கட்டாயமாக விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது, மாதிரியின் முடிவு அடுத்த பெரிய போட்டிக்கு முன் வந்து சேர வேண்டும். டில்லி லாபரட்டரியின் சர்வதேச அங்கீகாரம் 2019 ஆகஸ்டு முதல் 2021 டிசம்பர் வரை இல்லாமல் கிடந்தது. அத்தகைய நிலைமை மறுபடி வரக் கூடாது.

மூன்றாவது, விளையாட்டு விடுதிகளில் முட்டை, பால், இறைச்சி, பருப்பு போதிய அளவு கொடுக்க வேண்டும். வயிறு நிறைந்தவனிடம் பவுடர் டப்பா வியாபாரம் அவ்வளவு சுலபமாக நடக்காது.

நான்காவது, தடை விதிகளைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கிராமப் பள்ளிக்கும் அனுப்ப வேண்டும்.

கடைசியாக, வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வட்டாரத்தில் சினிமா ஆசையில் உடம்பு ஏற்றும் பிள்ளைகள் அநேகம். ஜிம்மில் யாராவது டப்பாவையோ ஊசியையோ நீட்டினால், அதில் என்ன இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராதவனிடம் வாங்காதீர்கள். போட்டியில் ஓடுகிறவர்கள், காய்ச்சலுக்கு மருந்து வாங்கினாலும் டாக்டரிடம் ‘நான் சோதனைக்கு உட்பட்டவன்’ என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சீட்டையும் மருந்து அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். சோதனை அதிகாரி வந்தால் ஓடாதீர்கள். பாட்டில் முத்திரை சரியாக இருக்கிறதா, நம்பர் ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குறை இருந்தால் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

தாய்மார்களே! உங்கள் மகள் ஓடட்டும், குதிக்கட்டும், ஜெயிக்கட்டும். ஆனால் அவளைப் பழக்குகிறவரிடம் அவளுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று நேருக்கு நேர் கேளுங்கள். சீமான்கள் தங்கள் குதிரைக்குக் கேட்ட கேள்விதான் அது. நம் பெண்ணுக்காக நாம் கேட்கக் கூடாதா?